எச் (H) எழுத்தை எடுக்காதீங்க தம்பி

இலங்கை மலையகத்துத் தலவாக்கலைத் தம்பி, நீங்க கேட்டது ரெண்டு. பாரிசில அறை வாடகை என்ன போகுது. படிவத்துல 'தங்கவேலு'ன்னு எழுதுறப்ப இங்கிலீஷ் எழுத்துல டீ (T)க்குப் பக்கத்துல நிக்கிற எச் (H) எழுத்தை எடுத்துட்டா பிரெஞ்சுக்காரங்களுக்கு வாசிக்க லேசா இருக்குமா. வாடகையை லாச்சப்பல்ல, அதான் பாரிசுல தமிழ்க் கடைங்க இருக்கிற பக்கம், எந்தக் கடையில கேட்டாலும் சொல்வாங்க. பேரைத் தொடாதீங்க.

எச்சுக்கு இங்க சத்தமே இல்ல. அவங்க டீயே நம்ம 'த' மாதிரிதான் விழும். சிக்கல் கடைசி யூவுலதான், உதட்டைக் குவிச்சு வேற எதையோ சொல்வாங்க. 'உ' வரணும்னா ஓ, யூ ரெண்டையும் சேர்த்து எழுதணும். அப்படி எழுதப்பட்டவங்களும் உண்டு. 1850கள்ல குவாதலூப், மார்த்தினிக் தீவுகளுக்குக் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பல் ஏறுன நம்மாளுங்கதான். என்கூட வேலை செய்ற குவாதலூப் அம்மா ஒருத்தங்க, குடும்பப் பேரு முத்துசாமி. 'மூத்துசமி'ம்பாங்க, தமிழ் ஒரு சொல் தெரியாது. நம்ம பாட்டன் பூட்டன் கோப்பித் தோட்டத்துக்காகக் கண்டிச்சீமைக்கு நடந்து வந்த காலம்தான் அதுவும்.

ஆனா தீவுக்குப் போனவங்களுக்கு அங்க எழுதுனதுதான் முதல் கடுதாசி. உங்களுக்கு ஊர்லயே எழுதியாச்சு. பாஸ்போர்ட்டுல எப்படி இருக்கோ, அசிங்கமா இருந்தாலும், அந்த எழுத்தே எல்லாக் கடுதாசியிலயும் வரட்டும். இங்க வந்து 'கிரிஸ்', 'சாம்'னு ஆனவங்களை எனக்குத் தெரியும். பென்சனுக்குப் போறப்ப அவங்க படுற பாட்டையும் பார்த்திருக்கேன். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருத்தர், எங்க பக்கத்து லெட்சுமியில டீ, சீ, எச் மூணும் வரிசையா நிக்குதேன்னு சிரிப்பார். அவரு கணேசனுக்கு 'ஜி' (G) போடாம 'கே' (K) போடுறவரு! இங்க ரெண்டையும் தப்பாத்தான் வாசிக்கிறாங்க.

நான் வந்தது 1996ல. அப்பா பேரு பழனியாண்டி. பிறப்புப் பத்திரம் சிங்களத்துல. ஊர்ல அதை மொழிபெயர்த்தவரு நடுவுல ஒரு இடம் விட்டுட்டாரு. இங்க பின்னாடி நின்ன சொல்லே குடும்பப் பேருன்னு எடுத்துக்கிட்டாங்க. கார்டுல பெரிய எழுத்துல 'ஆண்டி'. கோப்பை கழுவுன ரெஸ்டாரண்ட்டுல 'மெசியூ ஆண்டி'ன்னு கூப்பிடுவாங்க, வெள்ளைக்காரப் பேருன்னு நினைச்சு. பாத்திரக் குவியலுக்கு நடுவுல சிரிக்கவும் முடியல. திருத்தி முடிக்க ரெண்டு வருசம். எல்லாக் கடிதத்தையும் நானே பிரெஞ்சுல எழுதினேன், யாருக்கும் காசு கொடுக்கல.

அப்பா டவுனுக்கு வந்து கடை போன்ல பேசுவாரு. விசயத்தைச் சொன்னேன். கொழுந்து குறைஞ்ச நாள்ல செக்ரோல்ல, அதான் தோட்டத்து வேலைப் பதிவேட்டுல, அரைப்பேர் (அரை நாள் கூலி) வாங்கியே பழகுன மனுசன். கொஞ்ச நேரம் சத்தமில்ல. பெறகு கேட்டாரு: "பழனிய எங்கடா விட்ட? அங்கயும் அரைப்பேருதான் போட்டாய்ங்களா?"