நரம்புக்குள் சரக்குப் போக்குவரத்து

வணக்கம் ஐயா,

இரண்டு கால் கொண்ட ஒரு புரதம், தலைக்கு மேல் பெரிய மூட்டையோடு கயிற்றில் நடப்பது போல ஒரு வீடியோ வாட்ஸப்பில் வந்தது. நரம்புக்குள் இப்படித்தான் சரக்கு போகிறதாம். நிஜமா? தண்ணீரில் சர்க்கரை பரவுவது போலத் தானாகப் பரவிவிடாதா? எந்தப் பக்கம் போகவேண்டும் என்று அதற்கு யார் சொல்வது?

கி.

அன்புள்ள கி.,

நிஜம்தான். ஆனால் அது கணினியில் வரைந்த படம், நடையை ரொம்பவே அழகாக்கிவிட்டார்கள். கைனெசின் என்ற அந்தப் புரதம் உண்மையில் திருவிழா நெரிசலில் மாட்டியவரைப் போல நீர் மூலக்கூறுகளிடம் இடிபட்டுக்கொண்டேதான் போகிறது. தூக்கிய கால் அங்கும் இங்கும் அலைந்து அடுத்த பிடியைத் தேடும். ஓர் அடிக்கு 8 நானோமீட்டர், செலவு, செல்லின் எரிபொருளான ஏடிபி மூலக்கூறு ஒன்று. வினாடிக்கு நூறு அடி வாக்கில் வைக்கும்.

பரவல் சின்ன தூரத்துக்குத்தான் சரிப்படும். தூரம் இரட்டித்தால் நேரம் நான்கு மடங்காகும். செல்லுக்குள் 10 மைக்ரோமீட்டரைச் சில வினாடியில் கடக்கும் புரதம், இடுப்பிலிருந்து பாதம் வரை ஓடும் சுமார் 1 மீட்டர் நரம்பிழையைக் கடக்க ஆயிரம் வருடத்துக்கு மேல் ஆகும். மோட்டார் புரதம் ஏற்றிச் செல்லும் பைகளோ சில நாளில் போய்ச் சேர்ந்துவிடுகின்றன.

இதைக் கண்டுபிடித்த கதை எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1983இல் ஸ்டான்ஃபோர்டில் இருந்த ஆய்வாளர்கள் ரான் வேலுக்கும் மைக்கேல் ஷீட்ஸுக்கும் கணவாய் மீனின் தடித்த நரம்பிழை வேண்டியிருந்தது. அந்த வருடம் எல் நினோவால் கடல் சூடாகி, கலிபோர்னியாவில் கணவாய் கிடைக்கவில்லை. சரி என்று நாட்டின் மறுகரைக்கு, வுட்ஸ் ஹோல் ஆய்வகத்துக்குப் போனார்கள். தசையை இயக்கும் மயோசின் என்ற புரதம்தான் இதையும் செய்கிறது என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. அது பொய்த்தது. நரம்பிழைச் சாற்றைக் கண்ணாடித் தகட்டில் விட்டு நுண்குழல்களையும் (வீடியோவில் கயிறாகத் தெரிந்த பாதை இவைதான்) சேர்த்தால், குழல்கள் தாமாக வழுக்கி ஓடின! சாற்றில் இருந்த ஏதோ ஒன்று கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, தான் நகர வழியில்லாமல் பாதையைத் தள்ளிக்கொண்டிருந்தது. 1985இல் அதைப் பிரித்தெடுத்து கைனெசின் என்று பெயர் வைத்தார்கள்.

அப்புறம், உங்கள் கடைசிக் கேள்வி. யாரும் சொல்வதில்லை, பாதைக்கே திசை உண்டு. நுண்குழலின் இரு முனைகளும் ஒன்று போல இருக்காது; ஒன்றைக் கூட்டல் முனை, மற்றதைக் கழித்தல் முனை என்பார்கள். நரம்பிழைக்குள் எல்லாக் குழல்களின் கூட்டல் முனையும் வெளிப்பக்கம் பார்த்திருக்கும். கைனெசின்களில் பெரும்பாலானவை அந்தப் பக்கம்தான் நடக்கும். திரும்பி வர டைனின் என்ற வேறு மோட்டார். எந்த மூட்டை எதில் ஏறும் என்பதை இணைப்புப் புரதங்கள் தீர்மானிக்கின்றன, அது தனிக் கதை.

திரும்பும் வண்டியில் திருட்டுத்தனமாக ஏறுவோரும் உண்டு. வெறிநாய்க்கடி வைரஸ் கடிபட்ட இடத்து நரம்பு முனையில் புகுந்து, டைனின் தயவில்தான் முதுகுத்தண்டுக்கும் மூளைக்கும் போகிறது. முகத்திலோ கழுத்திலோ நாய் கடித்தால் டாக்டர்கள் கூடுதலாகப் பதறுவதற்கு ஒரு முக்கியக் காரணம், மூளைக்கு அங்கிருந்து தூரம் குறைவு என்பதுதான்.