கரு கலைந்த பிறகு மரபணுப் பரிசோதனை எதற்கு?

கலைந்த கருவின் திசுவில், மரபணுக்களைத் தாங்கும் இழைகளான குரோமோசோம்கள் 46-உம் சரியாக இருந்தனவா என்று பார்ப்பதுதான் இது. முதல் மூன்று மாதங்களில் கலைபவற்றில் ஏறக்குறைய பாதிக்கு குரோமோசோம் கோளாறுதான் காரணம். பெரும்பாலும் தற்செயல், அச்சகத்தில் ஒரு பிரதியில் மட்டும் ஒரு பக்கம் இரண்டு தடவை சேர்ந்துவிடுவது போல. அடுத்த பிரதி நன்றாகவே வரலாம். அப்படித் தெரிந்தால் தைரியமாக மறுபடி முயலலாம்.

சில தம்பதிகளில் ஒருவரிடமே குரோமோசோம் துண்டுகள் இடம் மாறியிருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது. அடுத்தடுத்துக் கலைந்தால் இருவரின் ரத்தத்தையும் பார்ப்பார்கள். இயற்கையாக முயல்வதா, ஐவிஎஃப் (சோதனைக்குழாய்க் குழந்தை) முறையில் கருவைச் சோதித்து கருப்பையில் வைப்பதா என்பது அப்புறம் அவர்கள் முடிவு.

செல்களை வளர்த்துப் பார்க்கும் சோதனைக்கு திசு சலைனில் (உப்பு நீரில்) போக வேண்டும். திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலின் திரவத்தில் போட்டால் வீண். கருப்பையைச் சுத்தம் செய்யும் டி அண்ட் சி-க்கு முன்பே இந்தச் சோதனை வேண்டும் என்று டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

சென்னை ரோட்டுப் பள்ளத்தில் ஆட்டோ குலுங்கியதோ, பப்பாளி சாப்பிட்டதோ குரோமோசோம் எண்ணிக்கையை மாற்றாது.