நஞ்சைக் கட்டுவது வேறு, உடைப்பது வேறு

கேள்வி: அறுவடை செய்த மக்காச்சோளக் கதிர்களைக் களத்தில் குவித்திருந்தபோது இரண்டு நாள் விடாமல் மழை பெய்துவிட்டது. தார்ப்பாய் போட்டிருந்தும் அடியில் கிடந்த கதிர்களில் பூஞ்சணம் பிடித்துவிட்டது. கோழித் தீவனத்துக்கு வாங்கும் வியாபாரி விலையைப் பாதியாகக் குறைக்கிறார். பூஞ்சை நஞ்சைத் தின்னும் பாக்டீரியாத் தூள் இருக்கிறது, அதைத் தூவினால் சரக்கு சரியாகிவிடும் என்று ஒருவர் சொல்கிறார். நம்பி வாங்கலாமா?
(விவசாயி, பெரம்பலூர் மாவட்டம்)

பதில்: வாங்க வேண்டாம். நஞ்சை உடைக்கும் பாக்டீரியாக்கள் உண்மையிலேயே இருக்கின்றன. ஆனால் அவை காய்ந்த மணியின் மேல் வேலை செய்ய மாட்டா. பாக்டீரியா இயங்குவதற்குத் தண்ணீர் வேண்டும். 12 சதவீத ஈரப்பதத்துக்குக் காய்ந்த மணியில் எஞ்சியிருக்கும் நீர், மாவுச்சத்தோடும் புரதத்தோடும் ஒட்டிக் கிடப்பதால் பாக்டீரியாவுக்குக் கிடைக்காது. பாக்டீரியாவுக்குப் போதும் என்ற அளவுக்கு மணியை நனைத்தால், அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே வளரக்கூடிய பூஞ்சணம் முந்திக்கொண்டு எழுந்துவிடும். தங்களிடம் தூளை விற்க வந்தவர் இந்த ஒன்றுக்கு என்ன பதில் சொல்கிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

அடியில் கிடந்த கதிர் ஒன்றை எடுத்து, நுனிப் பக்கத்து மணிகளை உற்றுப் பாருங்கள். மணிகளுக்கு இடையே மஞ்சளும் பச்சையும் கலந்த நிறத்தில் மாவு போலப் படிந்திருந்தால், அது பெரும்பாலும் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்னும் பூஞ்சை. அது உண்டாக்கும் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சு கண்ணுக்குத் தெரியாது. மணியின் உள்ளே, முக்கியமாக முளைப் பகுதியில் தங்கியிருக்கும். மேலே படிந்த பூஞ்சைத் தூளைத் தட்டிவிட்டாலும், கழுவினாலும், வெயிலில் போட்டுப் பூஞ்சையையே சாகடித்தாலும் நஞ்சு அப்படியே இருக்கும். சாதாரணச் சமையல் சூட்டுக்கும் அது பெரிதாக அசையாது. 1974-இல் குஜராத், ராஜஸ்தான் எல்லைப் பகுதியான பஞ்சமகால், பான்ஸ்வாரா மாவட்டங்களில், பருவம் தவறிய மழையில் நனைந்த மக்காச்சோளத்தை வேறு வழியில்லாமல் உண்ட பழங்குடி மக்களில் 397 பேர் கல்லீரல் பாதிப்புக்கு ஆளானார்கள். 106 பேர் இறந்தார்கள். அவர்கள் வீட்டு நாய்களும் செத்தன.

வியாபாரி அஞ்சுவதிலும் காரணம் இருக்கிறது. கோழித் தீவனத்தில் அனுமதிக்கப்படும் அஃப்ளடாக்சின் அளவு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். அதாவது ஒரு டன் தீவனத்தில் 20 மில்லிகிராம்; ஏறக்குறைய ஓர் அரிசியின் எடை. ஆகவே கெட்ட கதிர்களை நல்ல கதிர்களோடு கலந்து விற்க நினைக்காதீர்கள். மேலே கிடந்தவற்றைத் தனியே பிரித்துக் காயவைத்து, மணிகள் உடையாமல் உதிர்த்து, குவியலின் பல இடங்களிலிருந்தும் சிறிது சிறிதாக எடுத்துச் சேர்த்த மாதிரியை நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியின் தீவனப் பகுப்பாய்வுக் கூடத்துக்குக் கொடுத்துப் பாருங்கள். ஒரே இடத்தில் கைநிறைய அள்ளிய மாதிரி பயன்படாது, ஏனெனில் ஆயிரம் மணிகளில் சில மணிகளில்தான் நஞ்சு முழுவதும் குவிந்திருக்கும். இந்தப் பூஞ்சையின் எல்லா வகைகளும் நஞ்சை உண்டாக்குவதில்லை என்பதால், தங்கள் சரக்கு தப்பியிருக்கவும் வாய்ப்பு உண்டு.

கேள்வி: நான் கோழிப்பண்ணை வைத்திருக்கிறேன். தீவனத்தில் கலக்கும் 'டாக்சின் பைண்டர்' (நஞ்சைக் கட்டும் பொருள்) மூட்டைகளில் சிலவற்றில் களிமண் என்றும், சிலவற்றில் ஈஸ்ட் என்றும், இப்போது சிலவற்றில் பாக்டீரியா, நொதி என்றும் போட்டிருக்கிறது. எல்லாம் ஒன்றுதானா?
(பண்ணையாளர், நாமக்கல்)

பதில்: இல்லை. இந்த வேறுபாடு தெரியாததால்தான் பண்ணையாளர்கள் பணத்தை இழக்கிறார்கள். பெண்டோனைட் போன்ற களிமண் நஞ்சைத் தன் அடுக்குகளுக்குள் இழுத்துக் கட்டி வைக்கிறது. நஞ்சு மாறுவதில்லை, குடலில் உறிஞ்சப்படாமல் எச்சத்தோடு வெளியேறிவிடுகிறது. தட்டையான வடிவம் கொண்ட அஃப்ளடாக்சினுக்கு இது நன்றாகவே பொருந்தும். ஃபியூசேரியம் என்ற பூஞ்சை கோதுமையிலும் மக்காச்சோளத்திலும் உண்டாக்கும் டியாக்ஸிநிவலெனால் என்ற நஞ்சைக் களிமண்ணால் அவ்வளவாகப் பிடித்து வைக்க முடியாது. அந்த இடத்தில்தான் உடைக்கும் பாக்டீரியாவின் தேவை வந்தது.

அதை மனிதர்கள் கண்டுபிடித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தமானது. ஒரே தானியத்தைத் தின்ற பன்றி வாந்தி எடுத்துத் தீவனத்தை வெறுக்கிறது, மாடு பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறது. காரணம் மாட்டின் உடம்பில் இல்லை. அசைபோடுவதற்கு முன் தீனி ஊறிக் கிடக்கும் அதன் முதல் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களில் இருக்கிறது. அந்த இரைப்பை நீரிலிருந்து ஆஸ்திரிய ஆய்வாளர்கள் பிரித்தெடுத்த பாக்டீரியாவின் பெயர் பிபிஎஸ்ஹெச் 797. டியாக்ஸிநிவலெனாலின் நச்சுத்தன்மை, இரண்டு கார்பன் அணுக்களும் ஓர் ஆக்ஸிஜனும் சேர்ந்த ஒரு சிறு முக்கோண வளையத்தில் இருக்கிறது. இந்தப் பாக்டீரியா அந்த ஆக்ஸிஜனை நீக்கி வளையத்தைத் திறந்துவிடுகிறது. எஞ்சும் பொருள் தீங்கற்றது. ஐரோப்பிய ஒன்றியம் 2013-இல் இதைப் பன்றித் தீவனத்துக்கும், பின்னர் கோழித் தீவனத்துக்கும் அனுமதித்தது. காற்றுப் பட்டால் வாழ முடியாத உயிர் என்பதால், அதை உறையவைத்து உலர்த்தித் தீவனத்தில் சேர்க்கிறார்கள். குடலுக்குள் போன பிறகே அது வேலை செய்கிறது. மக்காச்சோளத்தில் வரும் ஃபியூமோனிசின் என்ற இன்னொரு பூஞ்சை நஞ்சுக்கு, ஸ்ஃபிங்கோபிக்சிஸ் என்ற பாக்டீரியாவின் மரபணுவைக் கொண்டு தயாரித்த நொதி 2014-இல் அங்கே அனுமதி பெற்றது.

ஆகவே மூட்டையை வாங்கும்போது, எந்த நஞ்சுக்கு, கட்டுகிறதா உடைக்கிறதா, உடைத்தபின் எஞ்சும் பொருள் என்ன, எந்த விலங்கில் சோதித்தார்கள் என்று கேளுங்கள். "எல்லா நஞ்சுக்கும் ஒரே மருந்து" என்று அச்சிட்டிருந்தால் தள்ளி வைத்துவிடலாம். தங்கள் பண்ணையில் முதன்மையான அச்சம் அஃப்ளடாக்சின்தான் என்றால், நல்ல களிமண்ணே இன்றைக்குப் போதுமானது.

கேள்வி: விதை நேர்த்திக்கு நாங்கள் சூடோமோனாஸ் ஃப்ளோரசன்ஸ் என்ற பாக்டீரியாவைப் பரிந்துரைக்கிறோம். அதுவும் நஞ்சை உடைக்கிறதா? வயலிலேயே நஞ்சை உடைக்கும் பாக்டீரியாவைத் தெளிக்க முடியாதா?
(வேளாண் மாணவி, கோயம்புத்தூர்)

பதில்: சூடோமோனாஸ் செய்வது வேறு வேலை. அது பூஞ்சையோடு இடத்துக்கும் இரும்புச்சத்துக்கும் போட்டியிட்டு, அதைத் தடுக்கும் பொருள்களைச் சுரந்து, பயிரின் எதிர்ப்பாற்றலையும் தூண்டுகிறது. பூஞ்சை குறைந்தால் நஞ்சும் குறையலாம். ஏற்கெனவே உண்டான நஞ்சை அது தீர்க்கும் என்று எண்ணக் கூடாது.

அஃப்ளடாக்சினை உடைக்கும் பாக்டீரியாவைத் தேடும் முயற்சி புதியதன்று. 1966-இல் அமெரிக்காவின் பியோரியா ஆய்வகத்தில் ஏறக்குறைய ஆயிரம் நுண்ணுயிர்களைச் சோதித்துப் பார்த்தார்கள். நஞ்சைத் திரும்ப வராதபடி நீக்கியது ஒன்றே ஒன்றுதான். அந்தப் பாக்டீரியா பளிச்சென்ற ஆரஞ்சு நிறம் கொண்டது. உணவில் சேர்த்தால் உணவின் நிறமே மாறிவிடும் என்பது அதைப் பயன்படுத்தத் தடையாக நின்றது. கனடாவின் குவெல்ஃப் நகரில் மண்ணிலிருந்து எடுத்த டெவோசியா என்ற பாக்டீரியா, டியாக்ஸிநிவலெனாலில் ஆக்ஸிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு ஹைட்ராக்சில் தொகுதியின் திசையை மட்டும் மாற்றி அதன் நச்சுத்தன்மையை வெகுவாகக் குறைக்கிறது. இரண்டு நொதிகள் ஒன்றன்பின் ஒன்றாக அந்த வேலையைச் செய்கின்றன என்று 2018-இல் காட்டினார்கள். இது காற்றில் வாழக்கூடிய பாக்டீரியா என்பதால் நம்பிக்கை தருகிறது.

ஆனால் கதிரின் உறைக்குள், மணிக்குள் இருக்கும் நஞ்சைத் தெளிக்கப்பட்ட பாக்டீரியா எட்டுவது கடினம். இன்னொன்றையும் தாங்கள் ஆய்வில் மறக்கக் கூடாது. அஃப்ளடாக்சின் மூலக்கூறில் உள்ள லாக்டோன் என்ற அணு வளையம் சுண்ணாம்பு போன்ற காரத்தில் திறந்துகொள்ளும். சோதனையில் நஞ்சு காணாமல் போனது போலத் தெரியும். அமிலம் சேர்ந்தவுடன் அதே வளையம் மீண்டும் மூடிக்கொள்ளக்கூடும். வயிற்றில் இருப்பதும் அமிலம்தான். காணாமல் போன நஞ்சு எதுவாக மாறியது என்று காட்டாத ஆய்வறிக்கையை நான் பாதி முடிந்த வேலையாகவே கொள்வேன்.

கேள்வி: இட்லி மாவு புளிக்கும்போது அதில் வளரும் நல்ல பாக்டீரியாக்கள் பூஞ்சை நஞ்சைப் போக்கிவிடும் என்று படித்தேன். சற்றுப் பூஞ்சணம் பிடித்த நிலக்கடலையையும் அரைத்துச் சேர்க்கலாமா?
(இல்லத்தரசி, மதுரை)

பதில்: சேர்க்கவே கூடாது. மாவைப் புளிக்கவைக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்களில் சில அஃப்ளடாக்சினைத் தங்கள் செல் சுவரில் ஒட்டிக்கொள்ளும். செத்த பாக்டீரியாவும் இதைச் செய்யும் என்பதே, அது உடைப்பதன்று, ஒட்டிக்கொள்வது மட்டுமே என்பதற்குச் சான்று. ஒட்டியதில் ஒரு பகுதி கழுவினாலே விட்டுப் போகும். சுருங்கிய, நிறம் மாறிய, கசக்கும் கடலையைப் பொறுக்கி எறிந்துவிடுங்கள். மாட்டுக்கும் போடாதீர்கள், அந்த நஞ்சின் ஒரு பகுதி உருமாறிப் பாலில் வந்துவிடும்.