அழைப்பிதழ் யார் கையில் கொடுக்கப்பட்டது?

கேள்வி: அடுத்த மாதம் சென்னையில் என் கணவரின் தாய்மாமா பேத்திக்குக் கல்யாணம். மாமா தக்கலைக்கே வந்து, என் மாமியின் (கணவரின் தாயார்) கையில் அழைப்பிதழைக் கொடுத்துவிட்டுப் போனார். முதல் நாள் மாலை வரவேற்புக்கு எல்லோரும் இளநிறத்தில் உடுத்தி வர வேண்டும் என்று அதில் அச்சிட்டிருக்கிறார்கள். என்னிடம் நல்லதாக இருப்பது 12 வருடத்துக்கு முன் எடுத்த அரக்குச் சிவப்புக் கல்யாணப் பட்டுதான். புதிதாக எடுக்கட்டுமா, லெஹங்கா போட்டால் என் வயதுக்கு நன்றாக இருக்குமா? நானும் கணவரும் மட்டும் போகிறோம். மாமி எப்போதும் முண்டும் நேரியதும்தான் (இடுப்புக்கு ஒன்று, மேலுக்கு ஒன்று என இரண்டு துண்டாக உடுத்தும் வெள்ளை உடை) உடுத்துவார், வெள்ளையில் வந்தால் சென்னைக்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள் என்பதால் நாத்தனார் வீட்டில் விட்டுவிட்டுப் போகிறோம். – தக்கலை வாசகி

பதில்: உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் வெளியிட்டிருக்கிறேன். முழுக் கடிதத்தில் மூன்று பக்கம் புடவை, ஒரு பக்கம் நகை. மாமிக்குக் கிடைத்தது கடைசியில் ஒரு வாக்கியம். அந்த வாக்கியத்தைப் பேசி முடித்த பிறகு புடவைக்கு வருகிறேன்.

அழைப்பிதழை யார் கையில் கொடுத்தார்கள்? நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பிவிட்டு வேலையைப் பார்க்கிற காலத்தில், பேத்தி எடுத்த ஒரு மனிதர் 700 கிலோமீட்டர் பயணம் செய்து வந்து அக்காவின் கையில் கொடுத்திருக்கிறார். அழைப்பு அவருக்கு. நீங்களும் உங்கள் கணவரும் அவரோடு கூடப் போகிறவர்கள். அழைக்கப்பட்டவரை ஊரில் நிறுத்திவிட்டுக் கூடப் போகிறவர்கள் மட்டும் போய்ப் பந்தியில் உட்காருவதா? மண்டப வாசலில் அந்தத் தம்பி, "அக்கா எங்கே?" என்று கேட்பார். என்ன சொல்வதாக உத்தேசம்? முட்டுவலி என்றா? அந்தப் பொய்யை உங்கள் கணவர்தான் சொல்ல வேண்டியிருக்கும். "அவரும் சரி என்றுவிட்டார்" என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். பெற்ற தாய் விஷயத்தில் இவ்வளவு சுலபமாகச் சரி சொல்லும் மகனை நான் மெச்ச மாட்டேன்.

மாமி என்ன சொன்னார் என்று கடிதம் முழுக்கத் தேடினேன். இல்லை. கேட்கவே இல்லை போலிருக்கிறது. வயதானவர்கள் தாமாக "நானும் வருகிறேன்" என்று சொல்ல மாட்டார்கள். ஒருமுறை வாய் திறந்து மறுக்கப்பட்டால் அது பெரிய அவமானம் என்று அவர்களுக்குத் தெரியும். தம்பி தாலி கட்டியபோது, நம் பக்கத்து வழக்கப்படி, மூன்றாவது முடிச்சைப் போட்டது இந்த அக்காவாகவே இருந்திருக்கலாம். இதையும் கேட்டுப் பாருங்கள்.

அடுத்து, அந்த உடைக்கு என்ன குறை? உங்கள் தக்கலை இருக்கும் கல்குளம் 1956 நவம்பர் 1-ஆம் தேதி தமிழகத்தோடு சேரும் வரை, முதலில் திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த தாலுகா. கசவு என்கிற பொன் ஜரிகைக் கரை போட்ட முண்டும் நேரியதும் இந்தப் பக்கத்தில் மங்கல உடை, கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் உடுத்துவது. சென்னையில் யாராவது ஒருவர் அதைத் துக்க வெள்ளை என்று நினைத்தால், அது அவருடைய அறியாமை. அதற்கு உங்கள் மாமி ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்? இதே மண்ணில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மார்பை மறைக்கத் தோள்சீலைக்காகப் போராடி அடிபட்டிருக்கிறார்கள். 1859 ஜூலை 26-ஆம் தேதி திருவிதாங்கூர் ராஜா இறங்கி வந்து அனுமதித்தபோதும், மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்று ஒரு நிபந்தனை வைத்தார். யார் எதை உடுத்தி எங்கே வரலாம் என்று தீர்ப்புச் சொல்லும் வேலையை இப்போது நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று, நீங்கள் கவனிக்காதது. அழைப்பிதழில் கேட்டிருப்பது இளநிறம். சந்தன வெள்ளையில் பொன் கரை. உங்கள் வீட்டில் அந்த அழைப்பிதழுக்குப் பொருத்தமான உடை பெட்டியில் தயாராக இருப்பது மாமியிடம் மட்டும்தான்!

சரி, புடவை. இளநிறக் கட்டளை வரவேற்புக்கு மட்டும். அதற்கு வெளிர் பச்சையிலோ பீச் நிறத்திலோ மெல்லிய கரை வைத்த ஒரு பருத்திப் பட்டு போதும், பிறகும் கட்டலாம். லெஹங்கா வேண்டாம். வயது காரணமல்ல; ஒரு மாலைக்கு உடுத்திவிட்டு ஆயுள் முழுக்கப் பீரோவில் வைத்திருக்கப் போகிற துணிக்குக் கடன் வாங்காதீர்கள். மறுநாள் முகூர்த்தத்துக்கு அரக்குச் சிவப்பையே கட்டுங்கள், கல்யாணப் பெண்ணும் அநேகமாக அந்த நிறத்தில்தான் இருப்பாள் என்று பயப்பட வேண்டாம், உங்களைப் பார்த்து யாரும் மணப்பெண் என்று ஏமாற மாட்டார்கள். பட்டை இன்றே பிரித்து நிழலில் காற்றாட விடுங்கள். 12 வருடம் ஒரே மடிப்பில் கிடந்தால் ஜரிகை அந்த மடிப்பிலேயே ஒடியும். மடிப்பை மாற்றி மடியுங்கள். ரவிக்கை இறுக்கமாக இருந்தால் பக்கத் தையலைப் பிரித்துப் பாருங்கள், உள்ளே துணி விட்டிருப்பார்கள்.

டிக்கெட் இரண்டுதான் எடுத்தாயிற்று என்று எனக்கு மறுகடிதம் எழுத வேண்டாம். அனந்தபுரி எக்ஸ்பிரஸ் இரணியலில் நிற்கிறது. முதியோர் ஒதுக்கீட்டில் கீழ்ப் படுக்கைக்கு இன்றே முயற்சி செய்யச் சொல்லுங்கள் மகனை. கிடைக்காவிட்டால் நாகர்கோவிலில் இருந்து பகலில் வந்தே பாரத் எழும்பூருக்குப் போகிறது. அதிலும் இடம் இரண்டுதான் மிச்சம் என்றால், மாமியோடு மகன் போகட்டும், நீங்கள் நாத்தனார் வீட்டில் இருங்கள்.