மருமகன் என்எஃப்எல் லைன்மேன்: வீட்டுக்கு நாங்கள் பணம் கொடுக்கலாமா?

கேள்வி: ஒஹாயோவில் இருக்கிறோம். என் மகள் நர்ஸ். மருமகன் அமெரிக்கர், என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து லீக்) அணி ஒன்றில் அஃபென்சிவ் லைன்மேன், அதாவது பந்து வைத்திருக்கும் தன் அணிக்காரரைக் காக்க எதிரணியைத் தடுப்பவர். அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் யாரும் எடுக்கவில்லை. பிறகு மூன்று வருட ஒப்பந்தம் கிடைத்து 2024, 2025 இரண்டு சீசனும் அணியில் இருந்துவிட்டார். குறைந்தபட்சச் சம்பளம்தான். இப்போது 9 லட்சம் டாலரில் வீடு பார்த்திருக்கிறார்கள், 30 வருடக் கடனில். வேலையில் இருக்கும் என் கணவருக்கு வயது 57. அவருடைய 401கே என்ற ஓய்வுக்காலச் சேமிப்பிலிருந்து 80,000 டாலர் எடுத்து முன்பணத்துக்குக் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம், சகோதரி. வேலையில் இருந்துகொண்டே ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன்னால் அந்தப் பணத்தை எடுத்தால் பொதுவாக 10% அபராதம், அதற்கு மேல் வருமான வரி. உங்கள் முதுமைக்கான காசு அது, தொடாதீர்கள்.

வீட்டுக்கு வருவோம். மருமகனுக்கு வருவதை மாதச் சம்பளம் போல நினைத்துக் கணக்குப் போடுவதுதான் எனக்குக் கவலை தருகிறது. அது ஒரு போக விளைச்சல். அறுத்ததைப் பத்தாயத்தில் வைத்துப் பல வருடம் சாப்பிட வேண்டும்.

புதியவருக்கு 2024-இல் குறைந்தபட்சம் 7,95,000 டாலர். ஒரு சீசன் ஆடியவருக்கு 2025-இல் 9,60,000. ஆக 17,55,000. மத்திய அரசின் வரி, சொந்த மாநில வரி, வெளியூரில் ஆடிய ஆட்டங்களுக்கு அந்தந்த மாநிலம் கேட்கும் வரி, ஏஜெண்டுக்கு 3% வரை எல்லாம் போனால் கையில் 10 லட்சம் நின்றாலே பெரிது. சீசன் சம்பளம் 18 வாரப் பங்காகக் கணக்கிடப்படுகிறது. இவரைப் போன்ற இளம் வீரரை ஐந்தாம் வாரம் முடிந்து அணி விடுவித்தால், மீதி 13 பங்கு பெரும்பாலும் வராது. வீட்டுக்கடன் தவணை மட்டும் 360 மாதம் வந்துகொண்டே இருக்கும்.

லைன்மேன் வேலை எவ்வளவு கடினம் என்று பார்த்திருப்பீர்கள். 136 கிலோ உடம்பை வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஆட்டத்திலும் அறுபது எழுபது தடவை அதே எடையுள்ள ஆளோடு மோத வேண்டும். உங்கள் ஊர் கிளீவ்லேண்ட் பிரௌன்ஸின் ஜோ தாமஸ் 2007 முதல் 10,363 ஸ்னாப்களை (பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு தடவையும் ஒரு ஸ்னாப்) தொடர்ந்து ஆடினார், ஒன்றைக்கூட விடவில்லை. 2017 அக்டோபரில் கைத்தசை கிழிந்தது. அடுத்த மார்ச்சில் ஓய்வு. டிராஃப்டில் மூன்றாவதாக எடுக்கப்பட்டு, பெரிய ஒப்பந்தங்கள் பார்த்தவர் அவர். உங்கள் மருமகனுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

அப்புறம் இன்னொன்று. 1996 முதல் 2003 வரை டிராஃப்டில் எடுக்கப்பட்ட வீரர்களைப் பற்றி 2015-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஓய்வுபெற்று 12 வருடத்துக்குள் கிட்டத்தட்ட 16% பேர் திவால் மனு போட்டிருந்தார்கள். அதிகம் சம்பாதித்ததும், அதிக வருடம் ஆடியதும்கூட அவர்களைப் பெரிதாகக் காப்பாற்றவில்லை. செலவுப் பழக்கம் ஆட்டக்காலத்திலேயே படிந்துவிடுகிறது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

மருமகனுக்கு நான் காட்ட விரும்பும் ஆள் ஜான் அர்ஷல். 2014-இல் டிராஃப்டின் ஐந்தாம் சுற்றில் பால்டிமோர் ரேவன்ஸ் அணியில் சேர்ந்த கார்டு, அதுவும் லைன்மேன் இடம்தான். ஆடும்போதே வருடம் 25,000 டாலருக்குள் வாழ்ந்தார், பழைய சின்ன நிசான் கார் ஓட்டினார். 2017-இல், 26 வயதில், ஆட்டத்தை விட்டுவிட்டு எம்ஐடியில் கணித முனைவர் பட்டத்தை முடிக்கப் போனார். காசு பத்திரமாக இருந்ததால் அந்த முடிவைப் பயமில்லாமல் எடுக்க முடிந்திருக்கும்.

சரி, இப்போது என்ன செய்வது? மூன்றாவது சீசன்தான் முக்கியம். மூன்று சீசன் கணக்கில் சேர்ந்தால் லீக் ஓய்வூதியத்துக்கு உரிமை வந்துவிடும். ஒரு சீசன் கணக்கில் சேர, அணிப் பட்டியலில் மூன்று ஆட்டம் இருந்தால் போதும். காயப் பட்டியலில் இருந்தாலும் சரி. பயிற்சிக்கு மட்டும் வைத்திருக்கும் பயிற்சி அணியில் இருந்தால் சேராது. லீக்கின் 401கே திட்டத்தில் அவர் போடும் ஒவ்வொரு டாலருக்கும், ஓர் உச்சவரம்பு வரை, அணி இரண்டு டாலர் போடும். முதல் வேலையாக அதை நிரப்பச் சொல்லுங்கள். மகள் நர்ஸ் வேலையை விடவே கூடாது. தினச் செலவு அவள் சம்பளத்துக்குள் அடங்கட்டும், அவர் பணம் முழுக்கச் சேமிப்புக்குப் போகட்டும். கமிஷன் வாங்காமல் கட்டணம் மட்டும் வாங்கும் ஆலோசகரைப் பிடியுங்கள். ஏஜெண்டின் நண்பர் வேண்டாம்.

மூன்றாவது சீசன் கணக்கில் சேரும்வரை வாடகை வீடே போதும். மாமியார் சொன்னால் தவறாகப் படலாம் என்று தயங்கினால் இந்தப் பதிலை மகளிடம் கொடுங்கள், அவள் பேசட்டும். செப்டம்பர் கடைசியில் மூன்று ஆட்டம் முடிந்திருக்கும். அவர் பெயர் பட்டியலில் இருந்தால் எனக்கு எழுதுங்கள். மகளின் சம்பளத்தை மட்டும் வைத்துத் தவணை கட்டக்கூடிய வீடு எது என்று சேர்ந்து பார்ப்போம்.