ஸ்கேன்ல ஒண்ணுமில்ல, பிள்ளைக்கு வயித்துவலி மட்டும் நிக்கல

கேள்வி: எனக்க மவன் எட்டாங்கிளாஸ் படிக்கான். ரெண்டு மாசமா திங்கக்கிழமை காலம்பற ஆனா வயித்துவலின்னு சுருண்டு படுத்துக்கிடுதான், ஸ்கேன் எடுத்தாச்சு, ரத்தம் பாத்தாச்சு, எல்லாம் நார்மல்னு சொல்லிட்டாவ. டீச்சர்ட்ட கேட்டா அமைதியான பையன், அவனால ஒரு தொந்தரவும் இல்லன்னு சொல்லுதாவ. மாமியார் கண்ணேறுன்னு மிளகா சுத்தி போடுதாவ. வீட்டுக்காரரு ரப்பர் பால்வெட்டுக்கும் நான் முந்திரி உடைக்க அண்டியாபீசுக்கும் போயிருவோம். இது ஸ்கூலுக்கு போக மடியா, சோம்பலா, வேற எதாவதா?
— ஒரு அம்மா, குலசேகரம்

பதில்: மடின்னு மட்டும் முடிவு கட்டிராதீங்கம்மா. வலி நெசம். மூளைக்கும் குடலுக்கும் நரம்பு வழியா தொடர்பு இருக்கு, பயமும் கவலையும் உள்ள அடஞ்சு கெடந்தா வயிறு பிசையும், அதெல்லாம் ஸ்கேன்ல தெரியாது. லீவு நாள்ல வலி வருதா வரலியான்னு காலண்டர்ல குறிச்சு வைங்க, டாக்டருக்கு அது ரொம்ப உதவும்.

எனக்கு கவலை அந்த டீச்சர் சொன்ன வார்த்தைதான். கிளாஸ்ல சண்டை போடுத பிள்ளை அன்னைக்கே ஹெட்மாஸ்டர் ரூமுக்கு போயிரும், உள்ளுக்குள்ள தவிக்க பிள்ளைக்கு கிடைக்கது நல்ல பையன்ங்குற பேரு. முன்ன எப்படி இருந்தான் இப்ப எப்படி இருக்கான், அதைத்தான் பாக்கணும். தூக்கம், சாப்பாடு, சேக்காளிங்க, விளையாட்டு, தொட்டதுக்கெல்லாம் எரிச்சல், இதுல மாத்தம் ரெண்டு வாரத்துக்கு மேல நீண்டா டாக்டர்ட்ட காட்டிரணும். பத்து பதினாலு வயசுல மனச்சோர்வு அழுகையா வராம கோவமாவும் வரும், நிறைய பேரு அதை திமிருன்னு நினைச்சு அடிச்சிருதாங்க.

சில வருஷம் முன்ன ஒரு பொண்ணுக்க கணக்கு நோட்டை பிரட்டினேன். ஜூன்ல குண்டு குண்டா எழுத்து, ஆகஸ்ட்ல எழுத்து சுருங்கிருச்சு, செப்டம்பர்ல தேதியும் மார்ஜின் கோடும் மட்டுந்தான். எல்லா பக்கத்துலயும் சிவப்பு டிக் இருந்துச்சு, யாருமே பாக்கல. நினைச்சா இப்பவும் மனசு ஆறல. உங்க மவனுக்க நோட்டையும் இன்னைக்கே பிரட்டுங்க.

பிள்ளைங்க மனசும் நடத்தையும் எப்படி இருக்குன்னு பாக்க 25 கேள்வி உள்ள எஸ்டிக்யூ (SDQ)ன்னு ஒரு ஃபார்ம் இருக்கு, ராபர்ட் குட்மேன்னு ஒரு மனநல டாக்டர் 1997ல வெளியிட்டது. பெத்தவங்க ஒண்ணு, டீச்சர் ஒண்ணு, 11 வயசுக்கு மேலன்னா பிள்ளையே ஒண்ணுன்னு தனித்தனியா நிரப்பலாம். அதுல மார்க் கூடுனா நோய்னு அர்த்தம் இல்ல, டாக்டர்ட்ட போகணும்னுதான் அர்த்தம். வீட்டுல காணாதது ஸ்கூல்லயும் ஸ்கூல்ல காணாதது வீட்டுலயும் தெரியும்ங்கதாலதான் ரெண்டு பக்கமும் கேக்காங்க.

கிண்டல், அடி, டீச்சர் மேல பயம், போர்டு கண்ணுக்கு தெரியாதது, படிச்சா எழுத்து குழம்புறது, எதுவா வேணாலும் இருக்கலாம். எதிர்ல நிறுத்தி விசாரிச்சா வாய் திறக்கமாட்டான், சாயங்காலம் மரச்சீனி கிழங்கு தொலிக்கப்ப பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டு நீங்களும் சும்மா இருங்க, அவனா ஆரம்பிப்பான். மாமியார்ட்ட சண்டை வேண்டாம், மிளகா சுத்தட்டும், ஆனா ஆசாரிபள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி மனநலப் பிரிவுக்கு ஒருநாள் கூட்டிட்டு போங்க. போக முடியலன்னா 14416க்கு போன் போடுங்க, அது டெலிமானஸ்ங்குற அரசாங்க மனநல உதவி நம்பர், ராத்திரியும் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம், காசு கிடையாது.

நான் இல்லாம போனா நல்லாருக்கும்னு மாதிரி அவன் எதாவது சொன்னா சாவணும்னு தோணுதாடான்னு நேராவே கேளுங்க, கேட்டதால அந்த எண்ணம் வந்துராது, அன்னைக்கு அவனை தனியா விடாம உடனே ஆஸ்பத்திரிக்கு கொண்டு போங்க.

டீச்சர்ட்ட திரும்ப போங்கம்மா, தொந்தரவு பண்ணுதானான்னு கேக்காதீங்க, மதியம் யாரு கூட உக்காந்து சாப்பிடுதான்னு கேளுங்க, கையில அந்த நோட்டையும் எடுத்துக்கோங்க.