எட்டு மணி நேரப் பிசகு: வைஃபை கேள்வி-பதில்

எங்கள் டியூஷன் நிலையத்தில் வைஃபை இரவு 10க்கு அணைந்து காலை 6க்கு வரும்படி வைஃபையை நிர்வகிக்கும் கண்ட்ரோலர் பெட்டியில் போட்டோம். ஆனால் காலை 6க்கு அணைந்து மதியம் 2க்குத்தான் வருகிறது. பெட்டி கெட்டுவிட்டது, புதியது 780 வெள்ளி (ரிங்கிட்) என்கிறார் பொருத்தியவர். வாங்கலாமா?
- செந்தூல் வாசகர்

வாங்காதீர்கள். அணைவதும் வருவதும் சரியாக எட்டு மணி நேரம் பிந்துகின்றன. நம் மலேசிய நேரம், யுடிசி எனும் உலகப் பொது நேரத்தைவிட எட்டு மணி முன்னால். உங்கள் பெட்டி யுடிசியிலேயே கிடக்கிறது. டைம் ஸோனில் கோலாலம்பூரைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் இல்லாவிட்டால் சிங்கப்பூர், நேரம் ஒன்றுதான். ஐந்து நிமிட வேலைக்கு 780 வெள்ளி கேட்பவரை இனி வாசலில் ஏற்றாதீர்கள்.

ஒவ்வொரு முறை கரண்ட் போய் வந்ததும் வைஃபை அலையைப் பரப்பும் நான்கு ஆக்சஸ் பாயிண்டும் ஆஃப்லைன் என்று காட்டுகின்றன. பொருத்தியவர் வந்து சரிசெய்ய ஒவ்வொரு தடவையும் 120 வெள்ளி.
- ஜெலுத்தோங் வாசகர்

உங்கள் பணம் வீணாகப் போகிறது. இரண்டு இடத்தைப் பாருங்கள்.

முதலாவது முகவரி. கண்ட்ரோலர் டிஎச்சிபியில், அதாவது ரவுட்டரே முகவரி கொடுக்கும் முறையில் இருந்தால், கரண்ட் வந்ததும் ரவுட்டர் அதற்கு வேறு ஐபி (நெட்வொர்க் முகவரி) கொடுத்துவிடலாம். ஆக்சஸ் பாயிண்டுகள் பழைய முகவரியில் தேடிக்கொண்டிருக்கும். நிலையான ஐபி போடுங்கள், அல்லது ரவுட்டரிலேயே அந்தப் பெட்டிக்கென்று ஒரு முகவரியை ஒதுக்கிவிடுங்கள்.

இரண்டாவது கடிகாரம். இதை நான் பணம் கொடுத்துக் கற்றேன். கண்ட்ரோலராக வைக்கப் பழைய சர்வர் ஒன்றை 450 வெள்ளிக்கு வாங்கினேன்; மூன்றாம் நாள் கரண்ட் போய் வந்தபோது திரையில் 2015 ஜனவரி 1. உள்ளே கடிகாரத்தை ஓட்டும் சிஆர்2032 பேட்டரி செத்திருந்தது. பல மாடல்களில் ஆக்சஸ் பாயிண்டும் கண்ட்ரோலரும் தேதியிட்ட மின்னணுச் சான்றிதழைப் பார்த்துத்தான் ஒன்றையொன்று ஏற்கும். 2022இல் கொடுத்த சான்றிதழ் 2015இல் நிற்கும் கடிகாரத்துக்குச் செல்லாது. பேட்டரி சில வெள்ளிதான். அது தெரியாமல் ஆக்சஸ் பாயிண்டுகளைத் தூக்கிக்கொண்டு இரண்டு கடை ஏறி இறங்கினேன்.

அப்படியானால் இணையத்திலிருந்து நேரத்தை எடுக்கும் என்டிபி அதைச் சரிசெய்யாதா? செய்யும், பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சரியாக இருந்தால். நிலையான ஐபி போடுகிறவர் பலர் முகவரியை மட்டும் அடித்துவிட்டு டிஎன்எஸ் இடத்தைக் காலியாக விட்டுப் போகிறார்கள். பிறகு என்டிபி சர்வரின் பெயரையே பெட்டியால் தேட முடியாது. வெளியே போகும் வழியான கேட்வே முகவரி தவறினாலும் இதே கதிதான். தீச்சுவர் (ஃபயர்வால்) என்டிபி பயன்படுத்தும் யுடிபி 123 என்ற வாயிலை அடைத்தாலும் நேரம் வராது.

என் நெடுநாள் ஆத்திரம் இதுதான்: வேலையை முடித்துக் கையெழுத்து வாங்குகிறவர், ஐபி, சப்நெட் மாஸ்க், கேட்வே, டிஎன்எஸ், என்டிபி, அட்மின் பெயர், கடவுச்சொல் ஆகிய ஏழையும் ஒரு தாளில் எழுதித் தர மறுக்கிறார். அந்தத் தாள் கையில் வராமல் மீதிப் பணத்தைக் கொடுக்காதீர்கள். பொருத்தியவர் அங்கே நிற்கும்போதே கரண்ட் சுவிட்சை அணைத்துப் போட்டுப் பாருங்கள். நான்கும் தாமாகத் திரும்பி வந்தால்தான் வேலை முடிந்தது.

ஆன்லைனில் பாதி விலைக்கு ஆக்சஸ் பாயிண்ட் வாங்கினேன். ரசீது இல்லை, எம்சிஎம்சி (தொலைத்தொடர்பு ஆணையம்) லேபிளும் இல்லை. வாரண்டி கேட்க முடியுமா?
- பாயான் பாரு வாசகர்

யாரிடம் கேட்பீர்கள்? லேபிளும் ரசீதும் பணம் கொடுப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை.

மாடி வீட்டுக்கு வைஃபை பொருத்த 1,900 வெள்ளி கொடுத்தேன். இப்போது அட்மின் கடவுச்சொல்லைச் சொல்ல இன்னும் 300 கேட்கிறார். நான் தனியாக இருக்கிறேன் ஐயா.
- பிரிக்பீல்ட்ஸ் வாசகி

ஒரு காசும் கொடுக்காதீர்கள், அம்மா. பெட்டி உங்களுடையது, அதன் சாவியும் உங்களுடையது. அவர் 300 கேட்ட குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள். ரசீதையும் பெட்டியின் அடியிலுள்ள சீரியல் எண்ணையும் படமெடுத்து வையுங்கள். கடவுச்சொல்லை ஏழு நாளில் தரும்படி எழுத்தில் கேளுங்கள். தராவிட்டால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போங்கள். 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் அமைப்பு அது. மனுக் கட்டணம் 5 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, 50,000 வெள்ளி வரை கோரலாம். வீட்டு உபயோகத்துக்கு வாங்கியதால் உங்கள் மனு செல்லும். செந்தூல் வாசகர் தொழிலுக்கு வாங்கியதால் அவருக்கு அந்தக் கதவு இல்லை.

பெட்டியை ரீசெட் செய்தும் கைப்பற்றலாம். ஆனால் அமைப்புகள் எல்லாம் அழிந்துவிடும், மனு முடியும்வரை பொறுங்கள். நாளை காலையே அந்தச் செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள்.